நானுஓயாக் குளிரிலும் மழையிலும் கோழி அடைப்பின் தரைக்கு எதைப் பரப்புவது?

நானுஓயாவாசி (ஒக்டோபர் 6)

வணக்கம். இலங்கையின் நுவரெலியாவை அடுத்த நானுஓயாவில், எங்கள் வீட்டின் பின்புறத்தில் மண்மேட்டை வெட்டிச் சமப்படுத்திய துண்டு நிலத்தில், 24 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட கம்பிவலை அடைப்புக்குள் பதினான்கு கோழிகளை வளர்த்து வருகிறேன். இரவில் அவை தகரக் கூரையுள்ள பலகைக் கூட்டில் அடைகின்றன. கீழே அயலவரின் லீக்ஸ் பாத்திகள் இருப்பதால் வெளியே திறந்துவிட முடியாது. ஆகையால் பகல் முழுவதும் அடைப்புக்குள்தான் நிற்கின்றன. சென்ற வருடம் வைகாசி மழை தொடங்குமுன்பே புல்லையெல்லாம் வேரோடு கிளறித் தின்று முடித்துவிட்டன. ஐப்பசி, கார்த்திகையில் தரை சேறாகி, மார்கழிக் குளிரில் அது காயாமலே கிடந்தது. ஒரு கோழியின் உள்ளங்காலில் கறுப்புப் பொருக்குடன் வீக்கம் வந்து நொண்டத் தொடங்கியது. மணம் தாங்க முடியவில்லை என்று அயலவரும் முறையிட்டார்.

இந்த வருடம் மழை இறுகுமுன் தரைக்கு ஏதாவது பரப்ப வேண்டும். மரம் அறுத்து விற்கும் மரக்காலையில் மரத்தூளை இலவசமாக அள்ளிக்கொள்ளச் சொல்கிறார்கள். லொறிக்காரர் ஒருவர் பொலன்னறுவையில் இருந்து உமி மூட்டைகள் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். கணவர் மணல் என்கிறார். மாமியார், மாட்டுப்பட்டியில் போடுவது போல மானாப் புல்லை அறுத்துப் போட்டாலே போதும் என்கிறார். கடையில் தும்புச்சோற்றுக் (தேங்காய்த் தும்புத் தூள்) கட்டிகளும் இருக்கின்றன. இவற்றில் எது நம் மலைக் குளிருக்கும் மழைக்கும் நின்றுபிடிக்கும் என்பதை, போட்டுப் பார்த்தவர்கள் சொன்னால் நன்றி உடையவளாக இருப்பேன்.

டிக்கோயா மழை (ஒக்டோபர் 6)

தங்கச்சி, எதைப் பரப்புவது என்று கேட்கிறீர்கள். அதற்கு முன் அந்த அடைப்புக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை மழை கொட்டும் நேரத்தில் குடையோடு நின்று ஒருமுறை பாருங்கள். உங்கள் அடைப்பு ஏறத்தாழ 22 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். நம் பக்கத்தில் 100 மில்லிமீற்றர் கொட்டும் நாளும் உண்டு. அன்றைக்கு உங்கள் அடைப்புக்குள் நேராக விழுவது மட்டும் 2,200 லீற்றர், அதாவது வீட்டுக் கூரையில் வைக்கும் 1,000 லீற்றர் தாங்கி இரண்டு நிரம்பி வழியும் அளவு. மேட்டிலிருந்து வழிந்து வருவதும் கூட்டின் தகரத்திலிருந்து கொட்டுவதும் இந்தக் கணக்கில் சேரவில்லை. இவ்வளவு தண்ணீரைக் குடித்துவிட்டு உலர்ந்து கிடக்கக்கூடிய பொருள் உலகத்தில் இல்லை.

முதலில் மேட்டுப் பக்கத்தில், அடைப்புக்கு வெளியே, ஒரு முழ அகலத்தில் கான் ஒன்றை வெட்டி, அதைச் சரிவாகப் பக்கத்துப் பெரிய கானில் சேர்த்துவிடுங்கள். கூட்டின் தகரத்துக்குப் பீலி ஒன்று கட்டி அந்தத் தண்ணீரையும் அதே கானுக்குத் திருப்புங்கள். ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள்: வெட்டிய மேட்டின் அடியைத் தோண்டிக் குடையாதீர்கள், கான் தண்ணீர் தேங்கி நின்று மேட்டுக்குள் ஊறவும் விடாதீர்கள். நம் மலையில் மண்சரிவு எப்படித் தொடங்குகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேடு செங்குத்தாக இருந்தால் அடியில் வெட்டாமல் மேலே, மேட்டின் விளிம்புக்கு அப்பால், தண்ணீரை மறித்துத் திருப்புவதுதான் பாதுகாப்பு.

வெலிமடையான் (ஒக்டோபர் 7)

மணல் போடுங்கள். எங்கள் வீட்டில் நான்கு வருடமாக மணல்தான். காலையில் முள்வாரியால் எச்சத்தை வாரி எடுத்துவிட்டால் தரை மணக்காது, ஈயும் வராது.

டிக்கோயா மழை (ஒக்டோபர் 7)

அண்ணா, நீங்கள் சொல்வது வெலிமடைக்குச் சரி. உங்கள் பக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி வரும்போது ஈரத்தை இந்தப் பக்கம் கொட்டிவிட்டு வெறுங்காற்றாகத்தான் வருகிறது. ஆனி முதல் ஆவணி வரை உங்கள் தரை புழுதி பறக்கக் காய்ந்துவிடும். நானுஓயாவுக்கு வைகாசியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, இரண்டுக்கும் நடுவில் மூடுபனி. உங்கள் அடைப்புக்குக் கூரை இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

வெலிமடையான் (ஒக்டோபர் 7)

கூரை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டது என் பிழைதான்.

நானுஓயாவாசி (ஒக்டோபர் 8)

டிக்கோயா அண்ணா சொன்னபடி நேற்றைய மழையில் போய் நின்று பார்த்தேன். பாதித் தண்ணீர் கூட்டின் தகரத்தில் இருந்துதான் விழுகிறது. அது இதுவரை என் கண்ணில் படவே இல்லை. முழு அடைப்புக்கும் கூரை போட எங்களிடம் இப்போது காசு இல்லை. எட்டு அடித் தகரம் ஆறு மட்டும் பழையது கிடக்கிறது. அதைக் கொண்டு கூட்டை ஒட்டிய பாதியை மூடலாம். அப்படியானால் மூடிய பாதிக்கு ஒன்றும் திறந்த பாதிக்கு வேறொன்றும் போட வேண்டுமா?

பழைய கணக்கப்பிள்ளை (ஒக்டோபர் 9)

மகள், உங்கள் கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி. மூடிய இடமும் திறந்த இடமும் ஒரே சட்டத்துக்கு அடங்கமாட்டா. முப்பது வருடம் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பின் கோழிதான் எனக்குத் துணை. நான் போட்டுக் கெடுத்தவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

திறந்த பாதிக்கு வேண்டியது தண்ணீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளாமல் கீழே இறங்கவிடுவதும், கோழி மிதித்தாலும் கிளறினாலும் கூழாகாமல் இடைவெளி விட்டு நிற்பதுமான பருத்த மரப்பொருள். மரத்தூள் இதற்கு ஆகாது. அது உலர்ந்திருக்கும்போது புழுதி. நனைந்தால் பிட்டு மாவு போல இறுகித் தண்ணீரை மேலே நிறுத்திவிடும். இலவசம் என்று நான் பத்து மூட்டை அள்ளிப் போட்டு, மூன்றாம் வாரம் மண்வெட்டியால் வெட்டி அள்ளினேன். தும்புச்சோறு இன்னும் மோசம். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் என்பதற்காகத்தானே அதைப் பூச்சாடிக்கும் நாற்றுமேடைக்கும் வாங்குகிறோம். அந்தக் குணம் கோழி அடைப்பில் குற்றம்.

மரக்காலையில் தூளைக் கேட்காமல் சீவலைக் கேளுங்கள். பலகைக்கு இழைப்புளி போடும் இடத்தில் சுருள் சுருளாக விழுவதுதான் சீவல். அதைவிடவும் திறந்த இடத்துக்கு நல்லது, சவுக்கு என்று தோட்டத்தில் நாம் சொல்லும் கிரவிலியா மரத்தின் கிளைகளைப் பெருவிரல் நீளத்துக்கு வெட்டிய துண்டுகளும் பட்டைகளும். தேயிலைக்கு நிழலுக்காக நட்ட மரம் என்பதால் கிளை கழிக்கும் காலத்தில் அதற்குப் பஞ்சமில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சிகளான மிலாறும் நல்லதுதான். ஆனால் இரண்டு விடயம் பார்க்க வேண்டும். மிலாறு இரும்பு போன்ற கட்டை. கத்தியால் சரிவாக வெட்டிய நுனி ஈட்டி மாதிரி நிற்கும், உள்ளங்கால் வீக்கம் கண்ட கோழிக்கு அதுவே எமன். அத்துடன், 1946ஆம் ஆண்டில் கொப்புள நோய் இந்நாட்டுத் தேயிலைக்கு வந்த பிறகு ஈரக் காலத்தில் செம்பு மருந்து அடிப்பது வழக்கம். அண்மையில் மருந்து அடித்த மலையின் மிலாற்றைக் கோழி கொத்தும் இடத்தில் போடாதீர்கள். தோட்டத்து மலையில் இருந்து எதை எடுப்பதானாலும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டிவிடுகிறேன். அங்கே கவ்வாத்துக் கழிவைச் செடிக்கே எருவாக விடத்தான் விரும்புவார்கள்.

அளவு விடயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். திறந்த இடத்தில் ஒரு சாண் உயரத்துக்காவது போட வேண்டும். முழு அடைப்புக்கும் 15 சென்ரிமீற்றர் என்று வைத்தாலே 3.3 கன மீற்றர். வெறும் உரச் சாக்கில் அள்ளினால் ஐம்பது சாக்கு வரும். இரண்டு சாக்கு போட்டுவிட்டு அது சேற்றில் மறைந்துவிட்டது என்று குறை சொல்பவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன்.

மானாப் புல்லைப் பற்றி உங்கள் மாமியார் சொன்னதை முழுவதும் தள்ளிவிடாதீர்கள். புதிய கன்று நடுமுன் மண்ணைத் தேற்றுவதற்கு மானாவையும் குவாத்தமாலாப் புல்லையும் ஒன்றரை, இரண்டு வருடம் வளர்த்து வெட்டிப் பரப்புவது தேயிலையில் பழைய முறை. மண் கரையாமல் காப்பதில் அதற்கு நிகரில்லை. ஆனால் மாட்டின் காலடியும் கோழியின் காலடியும் வேறு. கோழி அதை ஒரே நாளில் சிக்கெடுத்துக் குவித்துவிடும். மழையில் அடியில் வழுவழுத்து நாறும். நீளமான புல்லை விழுங்கினால் இரைப்பையில் திரண்டு அடைத்துக்கொள்ளும். போடுவதானால் இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, மரத் துண்டுகளின் மேலே மெல்லிதாக.

தலவாக்கலை அக்கா (ஒக்டோபர் 9)

உமியைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் இரண்டு வருடம் அதனோடு மல்லுக்கட்டியவள் நான். இறைச்சிக் கோழிக் கொட்டகைகளில் எல்லாரும் உமிதான் போடுகிறார்கள், அது கூரையின் கீழ் நான்கு பக்கமும் மறைத்த இடம். உமி இலேசில் அழுகாது, தண்ணீரையும் அதிகம் குடிக்காது, கோழி விரும்பிக் கிளறும். ஆனால் திறந்த அடைப்பில் முதல் பெருமழைக்கே மிதந்து கான் வழியாகக் கீழ்லயத்து வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. மிச்சத்தைக் காற்று கொண்டுபோனது. உங்கள் மூடிய பாதிக்கு உமி பொருந்தும், தங்கச்சி. மூடிய பாதியின் விளிம்பில் ஒன்பது அங்குலப் பலகை ஒன்றைக் குறுக்கே நிறுத்தி வையுங்கள், அது வெளியே வராது. வாங்கும்போது சாக்கில் கையை அடிவரை விட்டுப் பாருங்கள். மலையேறி வரும் லொறியில் நனைந்து பூசணம் பிடித்த உமி எனக்கு ஒருமுறை வந்தது, அதை அடுப்புக்குத்தான் போட்டேன்.

மஸ்கெலியாத் தம்பி (ஒக்டோபர் 10)

தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து வரும் கழிவுத் தேயிலை எப்படி?

பழைய கணக்கப்பிள்ளை (ஒக்டோபர் 10)

அந்த ஆசையே வேண்டாம் தம்பி. கழிவுத் தேயிலையை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பதும் கொண்டு திரிவதும் சட்டச் சிக்கல். கோழிக்கும் அந்தக் கஃபீன் நல்லதில்லை.

கால்நடைக்காரன் (ஒக்டோபர் 11)

உரையாடல் நல்ல திசையில் போகிறது. நோய்ப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் எச்சமிடும். பதினான்குக்கு நாளுக்கு 1.7 கிலோ, மாதத்துக்கு 50 கிலோ. இதில் நல்லதொரு பங்கு இரவில் கோழிகள் உறங்கும் பரணுக்குக் கீழே விழுவது. அங்கே ஒரு பலகையைப் பொருத்திக் காலையில் சுரண்டி எடுத்துவிட்டால் அடைப்பின் தரைக்குப் போகும் சுமையில் கணிசமான பகுதி குறைந்துவிடும். மிச்சத்தை மரப்பொருள் பார்த்துக்கொள்ளும். எச்சத்தில் நைதரசன் மிகுதி, மரத்தில் காபன் மிகுதி. இரண்டும் கலந்து, காற்றும் பட்டு, பிழிந்தால் சொட்டாத அளவு ஈரத்தில் இருந்தால் நுண்ணுயிர்கள் அதை மெல்ல எருவாக்கிவிடும், மணம் எழாது. ஈரம் மிஞ்சிக் காற்று அடைபட்டால்தான் அமோனியா கிளம்புகிறது. நீங்கள் நின்றபடி மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். குந்தி அமர்ந்து, கோழியின் தலை உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால் அது கோழியின் சுவாசத்தையும் கண்ணையும் ஏற்கனவே வருத்தத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கிருமியின் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வந்து, ஈரமும் காற்றும் வெதுவெதுப்பும் கிடைத்த பிறகே தொற்றும் நிலையை அடைகின்றன. 25 முதல் 30 பாகை வெப்பத்தில் அதற்கு ஓரிரண்டு நாள் போதும், குளிரில் தாமதமாகும். நானுஓயாவின் குளிர் காப்பாற்றும் என்று இருந்துவிட வேண்டாம். தரையில் பரப்பிய படுக்கை ஈரமாகத் தடித்திருந்தால் தானே புளித்துச் சூடேறும். சாதாரணக் கிருமிநாசினிகள் இந்த முட்டைகளை அசைப்பதில்லை. உலர்வுதான் அவற்றை அடக்கும். குஞ்சுகள் இருந்தால் அவற்றைப் பெரிய கோழிகளின் பழைய படுக்கையில் விடாதீர்கள். இரத்தம் கலந்த கழிச்சலைக் கண்டால் அன்றே அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். பூசணம் பிடித்த உமியையோ வைக்கோலையோ போட்டால் குஞ்சுகளின் நுரையீரலில் பூஞ்சை பற்றிக்கொள்ளும். அக்கா அதை அடுப்பில் போட்டது நன்று.

மரக்காலையில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மின்கம்பத்துக்கோ வேலித்தூணுக்கோ மருந்தேற்றிய மரமும் ஒட்டுப்பலகையும் அறுக்கும் இடத்துச் சீவல் வேண்டாம்.

மஸ்கெலியாத் தம்பி (ஒக்டோபர் 11)

எங்கள் வீட்டில் ஈரமானால் சுண்ணாம்பு தூவுவோம், சாம்பலும் போடுவோம். மணம் நின்றுவிடும் என்று ஆச்சி சொல்வார்.

கால்நடைக்காரன் (ஒக்டோபர் 11)

தம்பி, ஆச்சி சொன்னதில் பாதியைத்தான் நான் ஏற்றுக்கொள்வேன். சுண்ணாம்பும் சாம்பலும் காரத்தன்மை உடையவை. ஈரமான எச்சத்தின்மேல் காரம் பட்டால் அதில் கட்டுண்டு கிடக்கும் அமோனியா உடனே வாயுவாகக் கிளம்பும். அன்று மணம் குறையாது, கூடும். நீற்றிய சுண்ணாம்பு ஈரத்தோடு சேர்ந்து காலையும் கண்ணையும் எரிக்கும். பழைய படுக்கையை முழுவதும் அள்ளிய பின், கோழியை வெளியே விட்டு, வெறும் தரைக்குத் தூவி, சில நாள் ஆறவிட்டுப் புதியதைப் பரப்புவதென்றால் சுண்ணாம்பு சரி. தேயிலைக்குப் போடும் டொலமைற் என்ற சுண்ணக்கல் தூள் இதைவிடச் சாது. சாம்பலுக்கு உரிய இடம் புழுதிக்குளியல். கூரையின் கீழ் ஒரு பழைய டயருக்குள் உலர்ந்த மண்ணோடு கலந்து வைத்தால் கோழி தானே புரண்டு செள்ளைத் தீர்த்துக்கொள்ளும்.

மஸ்கெலியாத் தம்பி (ஒக்டோபர் 11)

ஆச்சியிடம் இதை நான் சொல்லப்போவதில்லை.

வெலிமடையான் (ஒக்டோபர் 12)

மணல்காரனாகிய நான் இன்னும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். கூரையும் வடிகாலும் உள்ள இடத்தில் மணலுக்கு நிகரில்லை என்பதில் மாற்றமில்லை. ஆனால் களிமண் தரையில் நேராகக் கொட்டினால் அது கிண்ணத்தில் வைத்த மணல்போல் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு நிற்கும், அடியில் ஒரு சாண் கருங்கல் சல்லி வேண்டும். இன்றைய விலையில் சல்லியும் ஆற்று மணலும் ஏற்றி இறக்குவதைவிடத் தகரம் வாங்குவது மலிவு. எங்கள் பக்கத்தில் பலர் பைனஸ் ஊசியிலைகளையும் போடுகிறார்கள். அது மழையில் ஒட்டிப் பாயாக இறுகுவதில்லை, தண்ணீர் நழுவி இறங்கிவிடும். வனத் திணைக்களத்துக் காட்டில் கேட்காமல் அள்ளக்கூடாது. வீட்டருகே ஒன்றிரண்டு மரம் நிற்பவர்களுக்குப் பயன்படும்.

பனி எரிக்கும் தை மாதத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே?

பழைய கணக்கப்பிள்ளை (ஒக்டோபர் 12)

பனிக்கு நான் பயப்படுவதில்லை. நுவரெலியாவில் தரை வெள்ளையாக உறையும் இரவென்றால் வானம் மேகமின்றித் தெளிந்திருக்கிறது. மறுநாள் நல்ல வெயில் அடிக்கும், காற்று உலர்ந்திருக்கும். தேயிலைக் கொழுந்து கருகுமே தவிர, இறகு உலர்ந்த கோழிக்கு அந்தக் குளிர் பெரிதல்ல. சேற்றில் நனைந்த நெஞ்சோடும் காலோடும் கூட்டுக்குள் போய் அடையும் கார்த்திகை இரவுதான் அதை வாட்டுகிறது. பனி விழும் வாரங்களில் காலை வெயில் ஏறிய பின் படுக்கையைக் கிளறி விட்டால் மாதக் கணக்கான ஈரம் வெளியேறிவிடும்.

நானுஓயாவாசி (ஜனவரி 21)

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள். மேட்டின் மேலே தண்ணீரை மறித்துத் திருப்பினோம், பீலி கட்டினோம், ஆறு தகரத்தையும் ஏற்றினோம். மூடிய பாதிக்கு உமியும் சீவலும் கலந்து போட்டு, அக்கா சொன்னபடி பலகை நிறுத்தினேன். திறந்த பாதிக்குச் சவுக்குக் கிளைத் துண்டுகள். முப்பது சாக்குத்தான் சேர்ந்தது, மிச்சத்துக்கு நறுக்கிய மானா. மாமியாருக்கு அதில் திருப்தி.

கார்த்திகை மழையில் சேறு மேலே வரவில்லை. துண்டுகள் நனைந்து கறுத்தன, ஆனாலும் என் செருப்பு புதையவில்லை. மானா இருந்த இடம் மூன்றாம் வாரத்தில் வழுக்கியது; அதை வாரி எருக்குழியில் போட்டேன். நொண்டிய கோழியின் கால் ஆறிவிட்டது, வைத்தியர் கட்டுப் போட்டதும் ஒரு காரணம். போன வாரம் இரண்டு நாள் உறைபனி கொட்டியது. காலையில் துண்டுகளின் மேல் வெள்ளை படிந்திருந்தது, எட்டரைக்குள் உருகிப் போனது, கோழிகள் அதைக் கொத்திப் பார்த்ததோடு சரி.

தோற்ற இடம் ஒன்று உண்டு. பள்ளத்துப் பக்கத்து மூலையில் இரண்டு முழ அகலத்துக்குத் துண்டுகள் எல்லாம் கோழி கிளறியதில் உருண்டு வந்து சேர்ந்து, அடியில் கறுப்புக் கூழாகி மணக்கிறது. அதை மட்டும் அள்ளட்டுமா, முழுவதையும் மாற்றட்டுமா? அயலவர் லீக்ஸுக்கு எருவாகக் கேட்கிறார்.

பழைய கணக்கப்பிள்ளை (ஜனவரி 22)

முழுவதையும் தொடாதீர்கள் மகள். அந்த மூலையை மட்டும் அள்ளி, பள்ளத்து வலையின் அடியில் ஒரு சவுக்குக் கட்டையைக் கிடத்தி, அதற்குக் கீழே தண்ணீர் மட்டும் வெளியேற விரலிடை இடைவெளி விடுங்கள். கோழி எப்போதும் சரிவை நோக்கித்தான் கிளறித் தள்ளும். வாரம் ஒருமுறை நீங்கள் மேட்டுப் பக்கம் வாரிவிட வேண்டும். மற்ற இடத்துக்குச் சித்திரையில், வைகாசி மழைக்கு முன், பத்துப் பதினைந்து சாக்குப் புதியது மேலே போட்டால் போதும்.

அயலவருக்குப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். லீக்ஸுக்கு மண்ணை அணைத்து அணைத்து ஏற்றுவார்கள், தண்டு முழுவதும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கும். குவித்து, மழைபடாமல் மூடி, இரண்டு மூன்று முறை புரட்டி, நான்கு மாதம் ஆறவிட்டுக் கொடுங்கள்.

நானுஓயாவாசி (ஜனவரி 22)

அப்படியே செய்கிறேன் ஐயா. அந்த மூலைக்கு மேலே போட அண்ணன் வீட்டில் பழைய தகரம் இரண்டு இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.